நன்றியும் விண்ணப்பமும்

2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் இரவு, எங்கள் பங்கு இல்லத்தின் அலுவலக அறையை ஒரு மாணவிக்குத் திறந்து கொடுத்தேன். உயிரியலில் முதுநிலைப் பட்டம் முடித்தவள். அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வுக்காக மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். மூன்றும் அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தன. நேர்காணல் காணொளி வழியாக நடக்கும். வீட்டில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் எங்கள் அலுவலகத்தைக் கேட்டாள். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு எட்டரை. நான்கு பேராசிரியர்கள், ஒருவர்பின் ஒருவராக, ஆளுக்கு அரைமணி நேரம். அவளுடைய தந்தை மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுபவர். அவரும் நானும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். அவர் கையில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது. நான் கொசு விரட்டிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

பத்தரை மணிக்கு வெளியே வந்தவள், "நல்லாத்தான் பேசினாங்க ஃபாதர். ஆனா ஒண்ணும் சொல்லல" என்றாள். சற்று நேரம் கழித்துக் கேட்டாள்: "அவங்களுக்கு நன்றின்னு ஒரு கடிதம் எழுதணுமாமே? எழுதினா காக்கா பிடிக்கிறதா நினைக்க மாட்டாங்களா? எழுதலைன்னா மரியாதை தெரியாதவள்னு நினைப்பாங்களா?"

அன்றிரவு இதனை ஒரு சிறிய வினா என்றே எண்ணினேன். நாகரிகம் பற்றிய வினா, அறம் பற்றியதன்று என்று ஒதுக்கினேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறர் மனச்சான்றை ஆய்ந்தவனுக்கு இந்தப் பிழை நேர்ந்திருக்கலாகாது. நேர்ந்தது. அதன் விளைவையும் பின்னர் சொல்லுகிறேன்.

மறுநாள் அவள் எழுதிக்கொண்டுவந்த கடிதத்தைப் பார்த்தேன். மாண்புமிகு ஐயா என்று தொடங்கி, தங்கள் பொன்னான நேரத்தை இச்சிறியவளுக்காகச் செலவிட்ட பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன் என்று வளர்ந்து, தங்கள் பாதம் பணியும் மாணவியாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன் என்று முடிந்தது. மொழி ஆங்கிலம், உள்ளே இருந்ததோ வட்டாட்சியருக்கு எழுதும் மனு. நம்மிடையே நன்றி என்பது சொல்லப்படுவதைவிடச் செய்யப்படுவது. தாயிடம் நன்றி என்று சொன்னால் அவளை அந்நியப்படுத்தியதாகும். அடுத்த வீட்டார் ஆபத்தில் உதவினால் நாம் சொல்லால் அன்று, அவர்கள் வீட்டுத் திருமணத்தில் பந்தி பரிமாறி அதனைத் தீர்க்கிறோம். ஆதலால், நன்றியைச் சொல்லாகவே தரவேண்டிய இடத்தில் நம் பிள்ளைகளுக்கு இரண்டே வழிகள் தெரிகின்றன. ஒன்று, வாய்மூடி இருத்தல். மற்றொன்று, மனு எழுதுதல். இந்தியாவில் உயர் ஆய்வு நிறுவனங்களின் நேர்காணலில் இச்சிக்கல் பொதுவாக எழுவதில்லை. ஒரு குழு கேள்வி கேட்கும், மாணவர் எழுந்து வருவார், முடிவு இணையதளத்தில் பட்டியலாக வெளியாகும். யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.

அமெரிக்க முறை வேறு. உயிரியல் போன்ற துறைகளில் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர்த் தொடக்கத்தில் முடிகிறது. சனவரி, பிப்ரவரியில் நேர்காணல். உள்நாட்டு மாணவர்களை இரண்டு மூன்று நாள்கள் வரவழைத்து, பேராசிரியர் பலரோடு தனித்தனியே உரையாட வைத்து, ஏற்கெனவே பயிலும் மாணவர்களோடு விருந்துண்ண வைப்பார்கள். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் காணொளி நேர்காணலும் பரவலாயிற்று. நேர்காணலுக்குப் பின் ஓரிரு நாளில் ஒவ்வொருவருக்கும் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவது அங்கே வழக்கம். நான்கைந்து வரி போதும். உரையாடலில் உண்மையாகவே பயன்பட்ட ஒன்றைக் குறிப்பிடவேண்டும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனைவருக்கும் அனுப்பலாகாது; அவர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருப்பவர்கள். நாளும் நேரமும் ஒழுங்கு செய்த அலுவலருக்கும் ஒரு சொல் எழுதவேண்டும். பெரும்பாலோர் மறப்பது இவரைத்தான். பரிசு எதுவும் அனுப்பலாகாது. கடிதம் வேண்டாம் என்று துறையே சொல்லியிருந்தால் எழுதாமல் இருப்பதே மரியாதை. இவ்வளவே அங்குள்ள நடைமுறை.

இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு நல்ல செயல் எந்த இடத்தில் வாணிபமாக மாறுகிறது என்பதைக் காட்ட இக்கடிதத்தைப் போன்ற தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது என்பேன். நன்றி, நடந்து முடிந்ததை நோக்கியது. விண்ணப்பம், நடக்க வேண்டியதை நோக்கியது. நேர்காணலுக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று நான்கு வாரங்களில் எழுதப்படும் கடிதம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. அதனால்தான் அந்தப் பெண்ணுக்குக் காக்கா பிடிப்பதாகத் தோன்றியது. அவளுடைய கூச்சம் அவள் மனச்சான்றின் நலத்தைக் காட்டியது. நான் அதனைக் கவனித்திருக்க வேண்டும்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நன்றியைத் தனியொரு வினாவாக எடுத்து ஆராய்கிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 106ஆம் வினா அது. நன்றியை நீதியைச் சார்ந்த புண்ணியம் என்று அவர் வைப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆக, நன்றி கடன்; ஆனால் சட்டம் வசூலிக்கும் கடன் அன்று, நேர்மை உணரும் கடன். அங்கே அவர் எழுப்பும் ஒரு துணைவினா நம் பொருளுக்கு நேராக வருகிறது: பெற்ற நன்மைக்கு உடனே கைம்மாறு செய்யவேண்டுமா? அவர் விடை இருவகைப்பட்டது. உள்ளத்தின் நன்றி உடனே எழவேண்டும். கைம்மாறோ நன்மை செய்தவருக்கு ஏற்ற காலத்தில் தரப்பட வேண்டும். அவசரமாகத் திருப்பித் தருகிறவன் நன்றியுள்ளவன் அல்லன், கடன் தொல்லை தாங்காதவன் என்னும் கருத்தினைச் செனேக்காவிடமிருந்து எடுத்து அவர் காட்டுகிறார். உரோமை மெய்யியலார் செனேக்கா நன்மை செய்வதையும் பெறுவதையும் பற்றி ஏழு நூல்கள் எழுதியவர். கிறித்தவர் அல்லர், ஆனால் இப்பொருளில் அவரைத் தாமஸ் தயங்காமல் நாடுகிறார்.

இதை வைத்துப் பார்த்தால், ஓரிரு நாளில் எழுதும் வழக்கம் பொருத்தமானதே. ஒரு பேராசிரியர் அரைமணி நேரம் ஒரு மாணவியின் ஆய்வேட்டைப் படித்துவந்து கேள்வி கேட்டார் என்றால், அவர் தந்தது ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. அதற்கான கடன் அவர் இடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உள்ளது. அதனைச் சொல்லுவது முகத்துதி ஆகாது. கடிதத்தில் நன்றி எதற்குச் சொல்லப்படுகிறது என்பதே சோதனை. நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியால் என் ஆய்வின் ஓர் ஓட்டையைக் கண்டேன் என்பது நடந்ததற்கு நன்றி. தங்கள் மேலான பரிந்துரையை எதிர்நோக்கி நன்றி என்பது நடக்காததற்கு முன்பணம்.

முன்பணம் என்ற சொல்லை நான் எண்ணியே பயன்படுத்துகிறேன். திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் மந்திரவாதி சீமோன், தூய ஆவியின் வல்லமையைப் பணத்துக்குக் கேட்டான். புனிதமானவற்றை விலைபேசும் பாவத்துக்கு அவன் பெயரே வழங்கலாயிற்று. குருமடத்தில் அப்பாடத்தைப் படித்தபோது எங்களைச் சிந்திக்க வைத்தது, புனித பெரிய கிரகோரியாரின் ஒரு பாகுபாடு. விலை மூன்று வகையாகத் தரப்படலாம் என்கிறார் அவர்: கையினால், பணிவிடையினால், நாவினால். கையினால் தருவது பணமும் பொருளும். பணிவிடையினால் தருவது காலைச் சுற்றி வருதல். நாவினால் தருவது புகழ்ச்சியும் பரிந்துரையும். மூன்றும் விலையே. பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் திருவருட்சாதனம் அன்று. அதனை வாங்குவது சிமோனியும் ஆகாது. ஆனால் தகுதி பார்த்துத் தரவேண்டியது எதுவாயினும், அதற்கு இந்த மூன்று நாணயங்களும் நீட்டப்படுகின்றன.

எங்கள் பங்குப் பள்ளியின் தாளாளர் என்ற முறையில் கையின் நாணயத்தை நான் நன்கு அறிவேன். ஆசிரியர் பணிக்கு நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் பழக்கூடையோடு வருவார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் சாமி" என்பார். கூடையைத் திருப்பி அனுப்பினால் அவமதித்ததாகிவிடும். வைத்துக்கொண்டால் மற்ற விண்ணப்பதாரருக்குத் தீங்காகும். சிலமுறை வைத்துக்கொண்டேன். நாவின் நாணயம் இன்னும் நுட்பமானது. அதைத் திருப்பி அனுப்ப வழியே இல்லை.

பெறுகிறவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. தமிழில் முகத்தாட்சண்யம் என்ற அருமையான சொல் இருக்கிறது. எதிரே தெரியும் முகத்துக்காக நீதியை வளைப்பது அது. இதே குற்றத்தைத் தாமஸ் 63ஆம் வினாவில் ஆராயும்போது, பேராசிரியப் பதவியையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். போதிய அறிவுண்டு என்பதற்காக ஒருவரை உயர்த்தினால் அது தகுதியைக் கருதியது; இன்னார் என்பதற்காக உயர்த்தினால் அது ஆளைக் கருதியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் அவர். கல்விக்கூடத்தின் உள்விவகாரங்கள் அவருக்குத் தெரியாதவையா? நன்றிக் கடிதம் எழுதிய மாணவருக்கு ஒரு மதிப்பெண் கூடவோ எழுதாதவருக்கு ஒன்று குறையவோ செய்யும் பேராசிரியர், அவ்வழக்கம் இல்லாத நாட்டிலிருந்து வந்த பிள்ளையை அநீதியாக நடத்துகிறார். பல துறைகளில் பேராசிரியர் தம் மதிப்பீட்டைக் கடிதம் வருவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறார் என்பது ஓர் ஆறுதல். கடிதத்தால் பெரிதாக ஒன்றும் நடவாது என்பதே அதன் தூய்மைக்குப் பாதுகாப்பு.

இந்த வகையில் அமெரிக்க மருத்துவர்கள் கற்றுக்கொண்ட பாடம் சொல்லத்தக்கது. பட்டம் பெற்ற மருத்துவர் மேற்பயிற்சிக்கு மருத்துவமனைகளில் சேரவேண்டும். 1940களில் மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மாணவர்களுக்கு இடம் தந்து, சில மணி நேரத்துக்குள் பதில் சொல் என்று நெருக்கின. மாணவர்களும் வாக்களித்துவிட்டு மீறினர். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1952இல் ஒரு பொருத்தும் முறை வந்தது. மாணவர் தம் விருப்ப வரிசையையும் மருத்துவமனை தன் விருப்ப வரிசையையும் தனித்தனியே ஒரு நடுவமைப்பிடம் கொடுப்பர். அது கணக்கிட்டுப் பொருத்தும். இத்தகைய பொருத்தத்தின் கணிதத்தை கேல், ஷாப்லி எனும் இருவர் 1962இல் எழுதினர். 1998இல் ஆல்வின் ராத் என்பவரின் முயற்சியால், மாணவர் தம் உண்மையான விருப்பத்தை எழுதுவதே அவருக்கு நலம் என்னும்படி அம்முறை திருத்தப்பட்டது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அங்கே, எங்களை எத்தனையாவதாக வைத்திருக்கிறாய் என்று எத்தரப்பாரும் மறுதரப்பாரைக் கேட்கலாகாது என்பது விதி. தாமாகச் சொல்வதற்குத் தடையில்லை, கேட்பதற்கே தடை. நேர்காணலுக்குப் பின் கடிதமே வேண்டாம் என்று பல பயிற்சித் துறைகள் அறிவித்துவிடுகின்றன. பொய்யைப் பயனற்றதாக்கும் ஓர் ஏற்பாட்டைக் கணிதம் செய்தது என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. மறையுரைகளால் அது முடிந்ததாகத் தெரியவில்லை.

முனைவர் பட்டச் சேர்க்கையில் அப்படியொரு நடுவமைப்பு இல்லை. ஏப்ரல் 15 என்ற ஒரு நாள் மட்டும் உண்டு. அமெரிக்க உயர்கல்விப் பள்ளிகளின் மன்றம் ஏற்படுத்திய உடன்பாட்டின்படி, அதில் இணைந்துள்ள பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு தரும் அழைப்புக்கு அந்நாளுக்கு முன் பதில் சொல்லுமாறு மாணவரைக் கட்டாயப்படுத்தலாகாது. மற்றபடி, நீ எங்களைத்தான் விரும்புகிறாயா என்னும் கேள்வி பேசப்படாமலே எல்லா உரையாடலிலும் மிதக்கிறது.

இனி என் பிழைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் மனுவை நான் திருத்தினேன். தலைவணங்குதலையும் பாதம் பணிதலையும் நீக்கினேன். எலிகளின் மூளைச் செல்களைப் பற்றி ஒரு பேராசிரியர் சொன்னதைக் குறிப்பிடச் சொன்னேன். கடிதம் நன்றாகவே அமைந்தது. அதன்பின், இறுதியில் ஏதோ குறைவதுபோல் தோன்றவே, என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: நான் விண்ணப்பித்தவற்றுள் தங்கள் பல்கலைக்கழகமே என் முதல் விருப்பம். "அப்படி இன்னும் முடிவு பண்ணல ஃபாதர்" என்றாள். "ஒரு மரியாதைக்குத்தான் அம்மா, எல்லாரும் எழுதுறதுதான்" என்றேன். பத்து நாள் கழித்து இரண்டாம் நேர்காணல் முடிந்ததும், அதே வரியோடு அதே கடிதம் அங்கும் சென்றது. அவளுக்கு வழி காட்டியவன் நானே.

பிப்ரவரி மௌனத்தில் கழிந்தது. இந்த மௌனத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆலயத்துக்கு வருவோர் பலர், விடாமல் தட்டினால் திறக்கும் என்று சொல்லுவர்; லூக்கா நற்செய்தியின் நடுவர்முன் நின்ற கைம்பெண்ணை எடுத்துக்காட்டுவர். அவளுடைய தந்தையும் அதையே சொல்லி, வாரம் ஒரு கடிதம் எழுது என்றார். அந்தக் கைம்பெண் கேட்டது நீதி. அது அவளுக்கு உரியது. பல்கலைக்கழகத்தின் இடமோ எந்த விண்ணப்பதாரருக்கும் உரிமையன்று. உரிமையில்லாததை நச்சரித்துப் பெறுவது செபத்துக்கு உவமையாகாது. ஆனால் பதில் பெறுவது உரிமை. நேர்காணலுக்கு அழைத்தவர் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டவர். முடிவு வரும் என்று சொன்ன நாள் கடந்து ஒரு வாரம் ஆனபின், பேராசிரியருக்கன்றி அலுவலகத்துக்கு ஒரே ஒருமுறை பணிவாக வினவுவது நச்சரிப்பு ஆகாது. வேறிடத்தில் அழைப்பு வந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கினால், அதனை உள்ளபடி சொல்லிக் கேட்பதும் முறையே. நாமும் நம் பள்ளிகளில், சொல்லியனுப்புகிறோம் என்று கூறி அனுப்பிவிட்டு, எடுக்கப்படாதவர்களுக்கு ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஏப்ரலில் காத்திருக்கத் தொடங்கியவர், சூனில் பள்ளி திறந்து வேறொருவர் வகுப்பில் நிற்பதைப் பார்த்து முடிவை அறிந்துகொள்கிறார். அமெரிக்கரைக் குறைசொல்ல நமக்கு இடமில்லை.

அவ்வாண்டு மௌனத்துக்கு வேறு காரணமும் இருந்தது. 2025 பிப்ரவரி, மார்ச்சில் அமெரிக்க நடுவணரசு ஆய்வுநிதியைக் குறைக்கப் புறப்பட்டதால், பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைச் சுருக்கின. சில, கொடுத்த அழைப்பையே திரும்பப் பெற்றன. வீட்டில் காத்திருக்கும் பிள்ளையோ தன் கடிதத்தில் எந்தச் சொல் தவறிற்று என்று இரவெல்லாம் தேடுகிறாள்.

மார்ச்சு முதல் வாரத்தில் முதல் பல்கலைக்கழகம் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தந்து அழைத்தது. வீட்டார் நன்றித் திருப்பலிக்குக் கேட்டார்கள். அவள் அங்கே பயிலும் மாணவர்களோடு பேசி, அதுவே தனக்கு ஏற்ற இடம் என்றும் முடிவு செய்துவிட்டாள். ஏற்புக் கடிதம் அனுப்புமுன், மார்ச்சுக் கடைசியில், இரண்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். காத்திருப்போர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. இவ்வாண்டு நிதி குறைவு. ஓரிடம் மட்டுமே திறக்கிறது. நாங்களே உன் முதல் விருப்பம் என்று எழுதியிருந்தாய். ஆகவே உன் பெயரைக் குழுவில் வலியுறுத்த எண்ணுகிறேன். இடம் தந்தால் உறுதியாக வருவாய் அல்லவா?

கைப்பேசியை என் மேசைமேல் வைத்தாள். குற்றம் சாட்டும் குரலில் அன்று, தகவல் சொல்லும் குரலில் சொன்னாள்: "அந்த வரி நீங்க எழுதினது ஃபாதர்."

பொய்யை மூவகையாகப் பிரிக்கும் பாடம் எனக்கு மனப்பாடம்: வேடிக்கைப் பொய், அனுகூலப் பொய், தீங்குப் பொய். என் வரியை நான் நடுவில் வைத்திருந்தேன். யாருக்கும் கேடில்லை, ஒருவருக்கு நன்மை. நன்மை தரும் பொய்க்கு வள்ளுவர் ஓர் இடம் தந்திருப்பதையும் நாம் வசதியாக நினைத்துக்கொள்கிறோம். அவர் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்று இட்ட வரையறையை மறந்துவிடுகிறோம். பொய் யாரைத் தொடும் என்று பொய் சொல்லும் வேளையில் தெரிவதில்லை. இங்கே அந்த ஒற்றை இடத்துக்குக் காத்திருந்த இன்னொருவர் இருந்தார். எந்த ஊர், எந்த நாடு என்று அறியோம். அவருடைய தந்தையும் எங்கேனும் ஒரு தாழ்வாரத்தில் அமர்ந்திருந்திருக்கலாம். என் மரியாதை வரி அவரைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு நேர்மையான பேராசிரியரைத் தம் சகாக்கள்முன் தவறாக வாதாட வைக்க இருந்தது.

மௌனமாக இருந்துவிடலாமா என்று நான்தான் கேட்டேன். இன்னொன்றும் சொன்னேன்: ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாதிருக்க உனக்கு உரிமை உண்டு, எழுதப்பட்ட அழைப்பும் இன்னும் வரவில்லை. சட்டப்படி அது சரி. அவள் ஒப்பவில்லை. "வேணாம்னு தெரிஞ்சும் வச்சிருந்தா, அந்த இடம் யாருக்கும் போகாது ஃபாதர்" என்றாள். அன்றே எழுதினாள். இம்முறை என்னை எழுத விடவில்லை. நான் இன்னோர் இடத்தின் அழைப்பை ஏற்கப்போகிறேன். தாங்கள் என் பெயரை வலியுறுத்த வேண்டாம். தங்களுக்கு எழுதியபோது என் விருப்பம் முடிவாகியிருக்கவில்லை. அந்த வரியை நான் எழுதியிருக்கலாகாது, மன்னியுங்கள். அதில் என் பெயர் இல்லை. நான் சேர்த்த வரியின் பழியைத் தன்மேலேயே வைத்துக்கொண்டாள். அதைத் திருத்தும்படி நான் கேட்டதற்கு, "அனுப்பினது நான்தானே" என்று மட்டும் சொன்னாள்.

அவரிடமிருந்து பதில் வரவில்லை. அந்த இடம் யாருக்குச் சென்றது என்பதும் தெரியாது.

மூன்றாம் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே நேர்காணல் கடினமாக நடந்தது. ஓர் அம்மையார் அவளுடைய ஆய்வேட்டின் ஒரு வரைபடத்தை எடுத்து, அதிலிருந்து அவள் கண்ட முடிவு ஏன் நிற்காது என்று இருபது நிமிடம் விளக்கினாராம். அழுதுகொண்டே வெளியே வந்தாள். அங்கே மட்டும் நன்றிக் கடிதம் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஏப்ரல்த் தொடக்கத்தில் அவர்களிடமிருந்து இடமில்லை என்ற பதில் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு தாளோடு வந்தாள். அந்த அம்மையாருக்கு எழுதியிருந்தாள். நீங்கள் சுட்டிய வரைபடத்தை மறுபடியும் கணக்கிட்டேன். நீங்கள் சொன்னது சரி. என் வழிகாட்டியிடமும் சொல்லிவிட்டேன். காலந்தாழ்ந்து எழுதுவதற்கு மன்னிக்கவும், நன்றி.

"இப்ப எழுதலாமா ஃபாதர்? அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்களே" என்றாள்.

படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் திருத்தினேன். இறுதியில் எதுவும் சேர்க்கவில்லை. அலுவலகக் கணினியைத் திறந்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தேன்.